கார்புரேட்டருக்குக் கடைசியில்தான் முறை

அல்சூர் சோமேசுவரர் கோயிலை ஒட்டிய சந்து ஒன்றில், பத்துக்குப் பன்னிரண்டடி அளவே உள்ள அந்தப் பட்டறையின் வாசலில் நான் புல்லட்டைக் கொண்டுபோய் நிறுத்தியபோது மாலை ஐந்தரை மணி இருக்கும். தெருவே ‘பாய்’ என்று அழைக்கும் அந்த மெக்கானிக், நான் அடுக்கத் தொடங்கிய குறைகளைக் காதில் வாங்கியபடியே, சிலிண்டருக்கு அருகில் உள்ளங்கையைக் காட்டிப் பார்த்தார். “வண்டி கொதிக்குது தம்பி. சாவியக் குடுத்துட்டுப் போங்க, காலையில ஏழு மணிக்கு வாங்க. சூட்டுல டேப்பெட் பாக்க மாட்டேன்” என்றார். வால்வுகளைத் திறந்து மூடும் தண்டுகளின் அளவைச் சரிபார்ப்பதைத்தான் அப்படிச் சொன்னார். எஞ்சினை ஒருமுறைகூட ஓடவிட்டுக் கேட்கவில்லை. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன் நகரின் வேறொரு மூலையில் நான் போயிருந்த பட்டறையில், வண்டியை நிறுத்திய மூன்றாவது நிமிடத்திலேயே கார்புரேட்டரில் திருப்புளியை வைத்துவிட்டார்கள் என்பது அப்போது நினைவுக்கு வந்தது.

வண்டி என் அப்பாவுடையது. 1993இல் வாங்கியது, திருவொற்றியூர் ஆலையில் உருவானது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ், இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தோடு சேர்ந்து தொடங்கிய அந்த வரிசையில், அடிப்படை அமைப்பு பெரிதாக மாறாமல் பல பத்தாண்டுகள் வந்துகொண்டிருந்த வார்ப்பிரும்பு எஞ்சின்: 346 சிசி, 70 மில்லிமீட்டர் விட்டம், 90 மில்லிமீட்டர் வீச்சு, வலது காலில் கியர், இடது காலில் பிரேக், ஹெட்லைட் கூட்டின் மேல் ஓர் ஆம்பியர் மீட்டர். அப்பாவுக்கு முழங்கால் வலி வந்த பிறகு வேலூர் வீட்டுத் தாழ்வாரத்தில் ஆறு ஆண்டுகள் சாக்கு போர்த்தி நின்ற அதை, போன ஆண்டு கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாக நானே பெங்களூருக்கு ஓட்டி வந்தேன். கிருஷ்ணகிரி வரைக்கும் ஒரு குறையும் இல்லை. அதற்கப்பால் சாலை ஏறத் தொடங்கியதும், எஞ்சின் இடையிடையே பற்றாமல் தடுமாறும் மிஸ்ஸிங் ஆரம்பித்தது. ஓசூரில் டீக்கடை ஒன்றில் அரை மணி நேரம் நிறுத்தி ஆறவிட்டதும் சரியாகி, மறுபடி சூடேறியதும் திரும்பி வந்தது.

பெங்களூரில் அது இன்னும் மோசமானது. சிக்னலில் நின்றால் அணைந்துவிடும். ஆக்சிலரேட்டரை விட்டவுடன் சைலன்சரில் பட்பட்டென்று வெடிக்கும். காலையில் எட்டுப் பத்து உதை தேவைப்படும். அவற்றில் ஒன்றிரண்டு கிக்கரைத் திருப்பி அடித்து, கணுக்கால் வரை அதிரும். அந்த முதல் பட்டறையில், பொறிக்கான மின்சாரத்தை விட்டுத் துண்டிக்கும் பாயிண்டைத் தேய்த்து, கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரியதாக மாற்றி, இரண்டு நாள் கழித்தும் மிஸ்ஸிங் நிற்கவில்லை என்று நான் போய் நின்றபோது, “போர் போயிருச்சு சார், பிஸ்டன், ரிங், வால்வு எல்லாம் சேத்துப் பண்ணிடலாம்” என்று, சிலிண்டரே தேய்ந்துவிட்டதாக, 14,500 ரூபாய்க்கு மதிப்பீடு எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் அல்சூருக்குப் போயிருந்தேன். பாயிடம் அதைக் காட்டியபோது அவர் வாங்கிப் படித்துவிட்டு மடித்துத் திருப்பித் தந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுநாள் காலை எஞ்சின் முழுதும் குளிர்ந்திருந்தது. பாய் முதலில் பிளக்கைக் கழற்றினார். அவர் இன்றும் அதை ‘மைக்கோ’ என்றுதான் சொல்கிறார். ஆடுகோடியில் பிளக் செய்துகொண்டிருந்த அந்த நிறுவனம் பெயர் மாறிப் பல ஆண்டுகள் ஆகியும், பெங்களூர்ப் பட்டறைகளில் எந்தக் கம்பெனி பிளக்கும் மைக்கோதான். பிளக்கின் முனை கருப்பாக இருந்தது. அதை ஆள்காட்டி விரலில் தேய்த்து என் முன்னால் நீட்டினார். விபூதிபோல் உலர்ந்த கரித்தூள் விரலில் ஒட்டியது. “இது பெட்ரோல் கருப்பு. ஆயில் கருப்பா இருந்தா பிசுபிசுன்னு இருக்கும், துடைச்சாலும் போவாது. ரிங் போன வண்டியில இந்த மாதிரி காஞ்ச கரி மட்டும் இருக்காது” என்றார். பிறகு பிளக்கைத் திரும்ப மாட்டி, கிக்கரில் ஏறி இரண்டு காலையும் தூக்கித் தன் முழு எடையையும் அதன்மேல் வைத்தார். கிக்கர் உடனே இறங்கிவிடவில்லை. ஆனால் நிற்கவும் இல்லை, புஸ்ஸென்ற மெல்லிய சத்தத்தோடு சீராகக் கீழே போனது. இதைப் பார்த்து, அந்த மதிப்பீடு சரிதானோ என்று எனக்கு மனம் கனத்தது. அவரோ சத்தம் எங்கிருந்து வருகிறது என்று சைலன்சரின் வாயில் காது வைத்துக் கேட்கும்படி உதவியாளப் பையனிடம் உருதுவில் சொல்லிவிட்டு, இரண்டாம் முறை ஏறினார். சத்தம் சைலன்சரில்தான் வந்தது. பிஸ்டனைச் சுற்றிய ரிங் வழியாகக் கசிந்திருந்தால் அது எஞ்சினின் அடியில் உள்ள கிராங்க் கேஸுக்குள் இறங்கியிருக்கும். சைலன்சரில் கேட்கிறது என்றால் புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வு முழுதாக மூடவில்லை என்று பொருள்.

ஏன் மூடவில்லை என்பதற்கான விடை எனக்குச் சற்று வெட்கத்தைத் தந்தது. டீகம்ப்ரஷர் என்பது உதைப்பதற்கு முன் அழுத்தத்தைக் குறைப்பதற்காக எக்ஸாஸ்ட் வால்வை இலேசாகத் தூக்கிப் பிடிக்கும் ஏற்பாடு. ஹேண்டில்பாரில் அதன் லிவர் தொளதொளவென்று ஆடுகிறதே என்று, வேலூரில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு மதியம் கேபிளை இறுக்கியவன் நான்தான். அந்தத் தொளதொளப்பு அதற்கு வேண்டும். அது இல்லாமல் போனதால், யாரும் லிவரைத் தொடாதபோதும் வால்வு மயிரிழை திறந்தே இருந்திருக்கிறது. சைலன்சர் வெடிப்பில் ஒரு பங்கு, உதைக்கு வசப்படாததில் ஒரு பங்கு என் கைவண்ணம். பாய் கேபிளைத் தளர்த்தி, லிவர் கொஞ்ச தூரம் சும்மா அசைவதை என் விரலாலேயே அசைத்துப் பார்க்கச் சொன்னார்.

கேபிள் சரியான பிறகே டேப்பெட். இந்த வரிசை மாறினால், இழுத்துப் பிடிக்கப்பட்ட வால்வுக்கு ஏற்ப டேப்பெட்டை வைத்துவிட்டுப் பிறகு கேபிளைத் தளர்த்தும்போது அளவு வேறாகிப் போகும். எஞ்சினின் வலப்பக்கம் உள்ள சிறிய மூடியைக் கழற்றினால் வால்வுகளைத் தள்ளித் திறக்கும் இரண்டு புஷ் ராடுகளின் அடிப்பகுதி தெரியும். டாப் கியரில் போட்டு, பையன் பின் சக்கரத்தை மெல்லச் சுற்ற, இரண்டு வால்வுகளும் மூடி பிஸ்டன் உச்சிக்கு வந்த இடத்தில் நிறுத்தினார்கள். இந்த வார்ப்பிரும்பு எஞ்சினுக்கு டேப்பெட் பார்க்க அளவுத் தகடு தேவையில்லை. புஷ் ராட் விரலால் உருட்டினால் தடையின்றிச் சுழல வேண்டும், மேலும் கீழும் அசைத்தால் ஆட்டம் தெரியக்கூடாது, அவ்வளவே. ஆனால் ஒரு ஸ்பேனரால் அடியைப் பிடித்து, இன்னொன்றால் சரிசெய்து, மூன்றாவதால் லாக் நட்டை இறுக்கும்போது அளவு நழுவிவிடும் என்பதால், பாய் ஐந்து தடவை இறுக்கி ஐந்து தடவையும் விரலால் உருட்டிப் பார்த்தார். இன்லெட் முதல் முறையிலேயே சரியாக இருந்தது. எக்ஸாஸ்ட் இறுகிக் கிடந்தது. அதற்கு மட்டும் இருபது நிமிடம். முடிந்ததும் மீண்டும் கிக்கரில் ஏறி நின்றார். இம்முறை அவர் எடையைத் தாங்கிக்கொண்டு கிக்கர் அப்படியே நின்றது. நான் ஐந்து எண்ணி முடித்த பிறகுதான் மெதுவாக இறங்கியது. என் பையில் இருந்த 14,500 ரூபாய்த் தாளுக்கு அத்தோடு வேலை முடிந்தது.

அடுத்தது பாயிண்ட். நம் ஊரில் இதைப் பிளாட்டினம் என்றும் சொல்வார்கள். வட்ட மூடியைத் திறந்து, இரண்டு முனைகளையும் விரலால் விலக்கி, டார்ச் அடித்துக் காட்டினார்: ஒரு முனையில் கடுகளவு மேடு, எதிர் முனையில் அதே அளவில் குழி. ஒரு முனையின் உலோகம் பெயர்ந்து மற்றதில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. பாயிண்டில் பொறி பறக்காமல் தடுக்கும் கண்டன்சர் கெட்டுப்போனால் பாயிண்ட் திறக்கும் ஒவ்வொரு முறையும் அங்கேயே பொறி பறந்து உலோகத்தை இப்படித் தின்னும்; பிளக்குக்குப் போக வேண்டிய பொறியும் வலுவிழக்கும். குளிர்ந்திருக்கும்போது ஒழுங்காக இருந்துவிட்டுச் சூடேறியதும் மக்கர் செய்வது பழைய கண்டன்சரின் குணம் என்று அவர் சொன்னபோது, ஓசூர் டீக்கடையில் கழித்த அரை மணி நேரம் எனக்கு விளங்கியது. முதல் பட்டறையில் மேட்டை மட்டும் அரத்தால் தேய்த்துச் சமன் செய்துவிட்டுக் கண்டன்சரைத் தொடாமல் விட்டிருந்தார்கள். தேய்த்த பிறகு இடைவெளியையும் யாரும் அளக்கவில்லை. பாய் அளந்தார்: 0.55 மில்லிமீட்டர். இருக்க வேண்டியது 0.35இலிருந்து 0.40க்குள்.

இடைவெளி கூடினால் என்ன கெடும் என்று கேட்டேன். எனக்கு இந்த இரண்டு நாளில் கிடைத்த ஆகப் பெரிய பாடம் அவருடைய பதில்தான். அகலமாக வைத்த பாயிண்டை, அதைத் தள்ளும் கேம் வழக்கத்துக்கு முன்னதாகவே திறந்துவிடும். பாயிண்ட் திறக்கும் கணம்தான் பிளக்கில் பொறி விழும் கணம் என்பதால், பொறியும் முந்திவிடும். பிஸ்டன் மேலே ஏறி வந்துகொண்டிருக்கும்போதே எரிபொருள் பற்றிக்கொண்டு அதைக் கீழே தள்ளப் பார்க்கும். கணுக்காலில் நான் வாங்கிய அடி அதுதான். ஆகவே இடைவெளியைச் சரிசெய்யாமல், பொறி விழும் கணத்தைக் குறிக்கும் டைமிங்கை வைப்பதும், டைமிங் வைத்த பின் இடைவெளியைத் தொடுவதும் வீண் வேலை.

புதிய பாயிண்டும் கண்டன்சரும் வாங்க என்னையே ஜே.சி. ரோட்டுக்கு அனுப்பினார். தன் பெயரைச் சொல்ல வேண்டாம், இரண்டு கடையில் விலை கேட்டுவிட்டு வாங்கும்படியும், பாயிண்ட் இரண்டு செட் வாங்கி ஒன்றை டூல் பாக்ஸில் போட்டு வைக்கும்படியும் சொன்னார். காலை பத்தரைக்குக் கடைகள் திறக்கும் வரை காத்திருந்து, வாங்கிவந்து கொடுத்தால், ஒரு செட்டைக் கையில் எடுத்ததுமே திருப்பித் தந்தார்: கேமின்மேல் உராயும் நார்க்குதி அதன் ஆணியில் ஆடிக்கொண்டிருந்தது. “இது ஐந்நூறு கிலோமீட்டர் ஓடும். அப்புறம் கேப் மூடிக்கும், நீங்க என்னைத் திட்டுவீங்க.” மறுபடியும் ஆட்டோ பிடித்துப் போய் மாற்றி வந்தேன். அந்த ஆட்டோக் காசை அவர்மேல் வைத்து மனத்துக்குள் முணுமுணுத்தேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

பாயிண்ட் தட்டைக் கழற்றியபோது, அதன் பின்னால் இருக்கும் அட்வான்ஸ் எடைகளையும் பார்த்தார். வேகம் கூடக்கூடப் பொறியை முன்னே தள்ளுவது இவற்றின் வேலை. வேகம் குறைந்ததும் ஸ்பிரிங் இவற்றைப் பழைய இடத்துக்கு இழுத்துவிட வேண்டும். கேமை விரலால் திருகிவிட்டால் சட்டென்று திரும்ப வேண்டியது, உறைந்த கிரீஸில் சோம்பலாகத் திரும்பியது. பெட்ரோலில் கழுவி ஒரு சொட்டு எண்ணெய் விட்டார்.

டைமிங் வைத்த முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். புது பாயிண்டை 0.38இல் வைத்துவிட்டு, பிளக் துளை வழியாகச் சைக்கிள் போக்ஸ் கம்பி ஒன்றை உள்ளே விட்டு, பிஸ்டனின் உச்சியைக் கண்டுபிடித்துக் கம்பியில் கீறல் போட்டார். இந்த 350 வகைப் புல்லட்டுக்குப் பொறி விழ வேண்டிய இடம் உச்சிக்கு 0.8 மில்லிமீட்டர் முன்னால். துளை சாய்வாக இருப்பதால் கம்பி நேராக இறங்காது. அதனால் இந்த அளவு நெருக்கமான ஒரு தொடக்கம்தான், முற்றுப்புள்ளி ஓட்டிப் பார்க்கும்போதுதான் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். பிறகு சாவியைப் போட்டார். பாயிண்ட் மூடியிருக்கும்போது ஆம்பியர் மீட்டர் முள் கழித்தல் பக்கம் சாய்ந்து நின்றது. சிகரெட் பெட்டியின் உள்தாளை உரித்து, அதில் ஒரு கீற்றைப் பாயிண்டின் நடுவே செருகி, இரு விரலால் இலேசாக இழுத்துப் பிடித்துக்கொண்டார். பையன் பின் சக்கரத்தை அங்குலம் அங்குலமாக உருட்டினான். கம்பியின் கீறல் உரிய இடத்துக்கு வருவதற்குச் சற்று முன்பே தாள் நழுவிக் கையோடு வந்தது. அதே கணம் முள் துள்ளி நடுவுக்கு வந்தது. தட்டின் திருகுகளைத் தளர்த்தி, நகத்தின் அகலத்தில் பாதி நகர்த்தி, மறுபடி. நான்காவது முறை கீறலும் தாளும் முள்ளும் ஒன்றாகப் பொருந்தின. ஒவ்வொரு முறைக்கும் இடையில் சாவியை மறக்காமல் அணைத்தார்; பாயிண்ட் மூடிய நிலையில் மின்சாரம் ஓடிக்கொண்டே இருந்தால், பொறிக்கு மின்சாரம் தரும் ‘காயில்’ என்ற கம்பிச்சுருள் சூடேறிக் கெட்டுவிடும்.

அப்பா எனக்குப் பதினாறு வயதில் இந்த வண்டியை உதைக்கச் சொல்லிக்கொடுத்தபோது, “முள்ளு நடுவுக்கு வரட்டும், அப்புறம் டீகம்ப்ரஷரைப் பிடி, மெதுவா ஒரு தள்ளு, விடு, இப்ப உதை” என்று மந்திரம்போல் சொல்வார். முள் எதற்காக நடுவுக்கு வருகிறது என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. பிஸ்டன் உச்சியருகே வந்து பாயிண்ட் திறந்துவிட்டது என்பதற்கான அறிகுறி அது என்று, இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து அந்தச் சந்தில் குந்தியிருந்தபோதுதான் தெரிந்தது. அன்றிரவு தொலைபேசியில் சொன்னேன். “அப்படியா?” என்றார் அப்பா.

கார்புரேட்டருக்கு மதியம் மூன்று மணிக்குத்தான் முறை வந்தது. பொறி எங்கே விழுகிறது, வால்வு மூடுகிறதா என்று தெரியாமல் அதைத் திருகுவது, காய்ச்சல்காரனின் சட்டையை மாற்றிப் போடுவதுபோல என்றார் பாய். அலுமினியக் கிண்ணத்தில் பிரித்துப் போட்டார். மிதவைக் கிண்ணத்தின் அடியில் செம்மண் நிறத்தில் துரு படிந்திருந்தது; டேங்கிலிருந்து வந்தது. ஜெட்டுகளின் துளையைக் கம்பியால் குத்தக்கூடாது, பித்தளை மென்மையானது, துளை பெரிதாகிவிடும் என்று மீன்பிடி நைலான் நரம்பால் துழாவி, காற்றடித்தார். முதல் பட்டறையில் போட்ட பெரிய ஜெட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, தன் டப்பாவிலிருந்து கம்பெனி அளவு ஜெட் ஒன்றை எடுத்துப் போட்டார்.

பெரிய ஜெட் இந்த ஊரில் ஏன் கூடுதல் கேடு என்பதற்கு ஒரு காரணம் உண்டு. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதைவிட நூற்றுக்கு எட்டுப் பங்கு குறைவு. கார்புரேட்டர் அதை அறியாது. காற்று இளைத்தாலும் பெட்ரோலை ஏறக்குறைய பழைய கணக்கிலேயே விடும். சமவெளியில் சரியாக இருந்த வண்டியே இங்கே கொஞ்சம் பெட்ரோல் மிகுந்து ஓடும் என்றால், அதற்கு மேலும் பெட்ரோலை ஊற்றினால் பிளக் கரி பூசிக்கொள்வதில் வியப்பில்லை. பாய், கார்புரேட்டருக்குள் ஏறி இறங்கும் ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் மேலே ஏற்றினார். அதனால் ஊசி தாழ்ந்து, நடு வேகத்தில் பெட்ரோல் குறையும். மெது ஓட்டத்தில் காற்றின் அளவைச் சரிசெய்யும் ஏர் ஸ்க்ரூவை முழுதும் உள்ளே திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்தார். அதன் பிறகுதான் வண்டியை உதைக்கச் சொன்னார். இரண்டாவது உதையில் பிடித்தது. பத்து நிமிடம் சூடேற விட்டு, ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி, ஓட்டம் ஆக வேகமாகவும் சீராகவும் ஒலிக்கும் இடத்தைப் பிடித்து, அங்கிருந்து ஐடிலிங் திருகைக் குறைத்துக்கொண்டே வந்தார். கடைசியில் ஒவ்வொரு வெடிப்பையும் தனித்தனியாக எண்ணலாம் என்ற அளவுக்கு நிதானமாகத் துடித்துக்கொண்டு நின்றது.

20டபிள்யூ-50 ஆயில், செயின் இழுவை, கிளட்ச் கேபிளில் எண்ணெய் எல்லாம் அரை மணி நேர வேலை. கிளட்ச் இருக்கும் பிரைமரி கேஸில் கசிவு இருக்கிறதே, அதையும் பிரித்துவிடலாமா என்று நானே கேட்டேன். “சொட்டு விழட்டும். ஆயில் இருக்குன்னு தெரியும்” என்று சிரித்துவிட்டார். கூலி 900 ரூபாய். ஜெட்டுக்குக் காசு வாங்கவில்லை. அவர் டப்பாவில் அது சும்மா கிடந்ததாம். பழைய பாயிண்ட், கண்டன்சர், பிளக் மூன்றையும் நாளிதழில் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

மறுநாள் விடியற்காலையில் அல்சூர் ஏரியைச் சுற்றிக்கொண்டு பழைய மெட்ராஸ் ரோட்டில் ஏறி, அவர் சொன்னபடி மூன்றாவது கியரில் பாதி ஆக்சிலரேட்டர் வைத்து ஒரு கிலோமீட்டர் ஓட்டி, கிளட்சைப் பிடித்து எஞ்சினை அப்படியே அணைத்து ஓரங்கட்டினேன். பிளக்கைக் கழற்றினால் முனை இளம் பழுப்பு. திருப்பி அடிப்பது நின்றுவிட்டது; மிஸ்ஸிங் இல்லை. ஆனால் அதிகாலைக் குளிரில் ஐடிலிங் சற்று இறங்குகிறது என்று போய்ச் சொன்னபோது, அவர் ஸ்க்ரூவைத் தொடாமல், “ரெண்டு நிமிஷம் சோக் போடுங்க” என்று அனுப்பிவிட்டார். மூன்று வாரம் ஓடியபின் கணக்குப் பார்த்ததில், லிட்டருக்கு 23 கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்தது 33 கொடுத்தது.

அதற்கடுத்த ஞாயிறு நந்தி மலைக்குப் போனேன். உச்சி 1,478 மீட்டர். கடைசிக் கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி கொஞ்சம் மந்தமானது. மேலே போய்ப் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பழுப்பின் ஓரத்தில் மறுபடி கரி படியத் தொடங்கியிருந்தது. திங்கட்கிழமை அதைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்குப் போய், ஊசிக் கிளிப்பை இன்னும் ஒரு பள்ளம் ஏற்றலாமா என்று கேட்டேன். பாய் பிளக்கை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நந்தி மலை மேல வீடு கட்டப் போறீங்களா தம்பி?”

இல்லை என்றேன்.

“அப்ப இப்படியே இருக்கட்டும்” என்று பிளக்கைத் துடைத்துக் கையில் கொடுத்துவிட்டு, வரிசையில் அடுத்து நின்றிருந்த ஸ்கூட்டரின் அருகில் போய்க் குந்திக்கொண்டார்.